சொல்லின் சுற்றம்

டென்மார்க்கு நாட்டாரின் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். புரட்டினோம் என்பதுகூடப் பழக்கத்தில் வந்த சொல்தான். இன்று அந்த அகராதி இணையத்தில் எவர்க்கும் விலையின்றித் திறந்து கிடக்கிறது. புதுக்கோட்டையில் அமர்ந்துகொண்டு டேனிய அகராதியா, அந்தப் பனிநாட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று நண்பர் ஒருவர் நகைத்தார். விடையாக அவருக்கு மூன்று சொற்களைக் காட்டினோம். ஒன்று, நாம் கறி என்று வழங்குவது. அங்கே குழம்புப் பொடிக்குப் பெயராகிவிட்டது. இரண்டாவது, நம் கட்டுமரம். அங்கே இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகு. மூன்றாவது, பாரியா. சமுதாயத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்பது பொருள். பிறந்த இடம் எது? தமிழ்.

நண்பரின் நகைப்பு நின்றது.

கறியும் கட்டுமரமும் போன வழியிலேயே அந்த மூன்றாவது சொல்லும் கப்பலேறிப் போயிருக்கிறது. உணவுக்கும் படகுக்கும் பெயர் தந்தோம் என்று மார்தட்டும் நாம், ஒதுக்கப்பட்ட மனிதனுக்கும் உலகத்துக்குப் பெயர் தந்தவர்கள் நாமே என்பதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

அதே அகராதியில் ‘காஸ்த’ என்று ஒரு சொல். ஒரு பதிவில் அதற்கு எறிதல், வீசுதல் என்று பொருள். இன்னொரு பதிவில் சாதி என்று பொருள். சாதி என்றாலே தூக்கி எறிவதுதானே என்று நாம் மகிழ்ந்து கைகொட்டலாம். ஆனால் அகராதி நம்மைத் தடுக்கிறது. இரண்டும் வேறு வேறு குடும்பம். முன்னது வடநாட்டுப் பழஞ்சொல், பின்னது போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, ஒலி ஒத்திருப்பதால் உறவாகிவிடாது என்று எச்சரிக்கிறது. ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருள்களையும், அது பிறந்த இடத்தையும், அதனோடு கூடி வாழும் தொடர்களையும், அதற்கு நெருங்கிய பிற சொற்களையும் அந்த அகராதி வரிசையாக முன்னே நிறுத்துகிறது. சொல்லுக்குச் சுற்றம் உண்டு. அந்தச் சுற்றத்தைச் சான்றோடு காட்ட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ அறுபது இலட்சம். அவர்கள் தங்கள் மொழிக்கு 1918இல் வெளியிடத் தொடங்கிய பேரகராதி 28 தொகுதிகளாக வளர்ந்து 1956இல் முற்றுப்பெற்றது. வெர்னர் டாலரூப் என்ற அறிஞர் தொடங்கிவைத்த பணி அது. இரண்டு உலகப் போர்கள் இடையே வந்தன. இரண்டாம் போரில் நாடே செருமானியர் கைப்பட்டது. அகராதி நிற்கவில்லை. 1700ஆம் ஆண்டு முதல் எழுதப்பட்ட நூல்களைப் படித்து, இன்ன சொல்லை இன்னார் இன்ன இடத்தில் இப்படி ஆண்டார் என்று எடுத்துக்காட்டி எழுதினர். பின்னர் 2003 முதல் 2005 வரை இக்கால மொழிக்கென ஆறு தொகுதிகள் வந்தன. 2009 முதல் இவையெல்லாம் இணையத்தில்.

இந்த டேனியர் நமக்கு அயலாரும் அல்லர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள். 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள். 1706இல் டேனிய மன்னன் அனுப்பிவைத்த சீகன்பால்கு அங்கே கரை இறங்கினார். வந்தவர் முதலில் செய்த வேலை என்ன? ஓலைச் சுவடிகளைத் திரட்டினார்; சொற்களைத் திரட்டினார். இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ இருபதாயிரம் தமிழ்ச் சொற்கள் அவர் தொகுப்பில் சேர்ந்தன. சமயம் பரப்ப வந்தார், உண்மை. ஆனால் மொழி தெரியாமல் மனிதனோடு பேச முடியாது என்பதை அறிந்து வந்தார். வழிவழியாக நம்மிடையே வாழ்ந்து, நம் காசில் உண்டு, நம் மொழியை நீசமொழி என்று சொன்னவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா!

தரங்கம்பாடி என்ற அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். தரங்கம் என்றால் வடமொழியில் அலை. ஆகவே அலைகள் பாடும் ஊர் என்று அழகாக விளக்கம் சொல்லி, சுற்றுலா வருவோர்க்கும் அப்படியே எழுதிக் கொடுக்கிறார்கள். கவிதைக்கு நன்று. வரலாற்றுக்கு? அவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. அலையும் இல்லை, பாட்டும் இல்லை. பாடி என்பது மக்கள் தங்கி வாழும் இடம். ஆயர்பாடி, வேலப்பாடி என்பன அதன் உடன்பிறப்புகள். பாடுதல் என்னும் வினை இங்கே ஒலியால் ஒத்த அயலானே. டேனியர் தங்கள் ‘காஸ்த’வில் செய்யாத பிழையை நாம் நம் ஊர்ப்பெயரில் செய்து, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம்.

சொற்களுக்குச் சுற்றம் காணும் கலை நமக்குப் புதிது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சேந்தன் திவாகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள் வகையால் சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தது. ஒருசொல் பல்பொருளுக்கு ஒரு தொகுதி வகுத்தது. இன்று மேனாட்டார் பொருட்புல அகராதி என்று புதுமையாகச் செய்வதை நம்மவர் மனப்பாடச் சூத்திரத்தில் அடக்கி வைத்தனர். ஆனால் நிகண்டு ஒன்றைச் செய்யவில்லை. இன்ன பொருள் எந்தக் காலத்தில் வந்தது, யார் அதை மாற்றினார் என்று அது சொல்லாது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி தந்தார். 1779இல் பப்ரீசியசு, 1862இல் வின்சுலோ. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ஆறு தொகுதிகளாக வந்தது. பெரும்பணி, மறுப்பதற்கில்லை. எனினும் தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வடமொழியைத் தாயாக்கிவிட்டது என்று பாவாணர் சினந்தார். 1974இல் தமிழக அரசு அவரைக் கொண்டே சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. இதற்கிடையே 1961இல் பரோவும் எமனோவும் திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டு, தமிழ்ச் சொல்லை அதன் உண்மைச் சுற்றத்தாராகிய கன்னட, தெலுங்கு, துளு, கோண்டிச் சொற்களின் நடுவே நிறுத்தினர். பாவாணர் சொன்ன வேர்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வி சரியானது.

அந்தக் கேள்விக்குச் சான்று எங்கே கிடக்கிறது? கல்லில். புதுக்கோட்டைச் சீமையில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. சமத்தானமாக இருந்த காலத்தில், 1929இல், இங்குள்ள கல்வெட்டுகள் 1,130இன் வாசகங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். அரசர்களின் மெய்க்கீர்த்தியைத் தேடி அந்த நூலைத் திறப்போர் உண்டு. நாம் சொற்களைத் தேடித் திறந்தோம்.

சித்தன்னவாசல் என்ற பெயர் சித்தர்களின் வாசம் என்னும் வடமொழித் தொடரே என்று விளக்குவோர் உண்டு. அங்குள்ள குடைவரையில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை இளங்கௌதமன் திருப்பணி செய்த செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல் அதனை அண்ணல்வாயில் அறிவர் கோயில் என்கிறது. பக்கத்து ஊர் இன்றும் அன்னவாசல். உயிர் நம் வாயில் உசிர் ஆவது போல, மயிர் மசிர் ஆவது போல, வாயில் வாசல் ஆயிற்று. உழவனின் நாக்குக்குத் தெரிந்த விதி இது. இதற்கு வடமொழிப் பண்டிதர் எதற்கு?

அங்கே ஏழடிப்பட்டத்தின் வழியாக நாம் ஏறியபோது உச்சி வெயில். பாறையில் கால் வைத்தால் சுடுகிறது. குகைக்குள் சமணத் துறவியர்க்காக வழவழப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகள். ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து, கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டினது என்று ஐராவதம் மகாதேவன் மதிப்பிட்டது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவர்க்கு அளித்த இருக்கை அது. எருமிநாடு மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் கருத்து. மகிடம் என்றாலும் எருமையே. மகிடநாடு எருமைநாட்டின் மொழிபெயர்ப்பா, எருமைநாடு மகிடநாட்டின் மொழிபெயர்ப்பா என்று வாதிடலாம். பாலி நூல்களும் மகிட மண்டலத்தைப் பழங்காலத்திலேயே சொல்கின்றன. ஆனால் இரண்டு வழியிலும் அரக்கன் ஒருவன் தேவைப்படவில்லை. எருமை மேய்ந்த நாடு, அவ்வளவுதான். சூலத்தால் குத்தப்பட்டவன் கதையில் வந்தவன்.

திருமயம், திருமெய்யம் என்பதன் மருவுரு. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடலும்தான். உண்மை என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு சத்தியகிரி என்றனர். சிவனைச் சத்தியகிரீசுவரர் ஆக்கினர், திருமாலைச் சத்தியமூர்த்தி ஆக்கினர். தமிழ்ப்பெயர் வடமொழிக்குப் பெயர்க்கப்பட்டது. அந்தச் சத்தியமூர்த்தி என்ற பெயரோடு 1887இல் அவ்வூரில் பிறந்தவர் பின்னாளில் நாடறிந்த காங்கிரசுத் தலைவர். அவரைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடுமியான்மலைக்கு வருவோம். குடுமி என்றால் மலையின் உச்சி என்பது சங்க காலம் முதற்கொண்டு வழங்கும் பொருள். மலை இருக்கிறது, உச்சி இருக்கிறது, ஆகவே குடுமி. இதில் ஐயம் என்ன? ஆனால் கோயில் கதை வேறு. பூசகர் இறைவனுக்குரிய மாலையைத் தம் காதற்கிழத்தியாகிய தாசிக்குச் சூட்டிவிட்டாராம். மன்னன் திடீரென்று வந்துவிட, அதே மாலையை எடுத்துக் கொடுத்தாராம். அதில் ஒரு மயிர். இறைவனுக்குக் குடுமி உண்டு என்று பூசகர் பொய் சொன்னாராம். பொய் சொன்னவரைக் காப்பாற்ற இலிங்கம் குடுமி வளர்த்ததாம்! ஆகவே சிகாநாதர். பூசகரின் பொய்யை மெய்யாக்குவது கடவுளின் வேலை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கதை கேட்பதே இல்லை.

கதை கேட்காததைக் கல் சொல்கிறது. அதே குடுமியான்மலையில், தேவரடியார் குலப் பெண் ஒருவர் தம் பொருளால் அம்மனுக்குக் கோயில் எடுத்த செய்தி கல்வெட்டில் உள்ளது. தேவரடியார்! இறைவனுக்கு அடியவர் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் நிலம் வாங்குகிறார்கள், விளக்கு எரிக்கிறார்கள், மண்டபம் கட்டுகிறார்கள், மதிப்போடு பெயர் பொறிக்கப்படுகிறார்கள். அந்தச் சொல் இன்று எங்கே கிடக்கிறது? தெருச் சண்டையில். ஒரு பெண்ணை இழிவுபடுத்த வேண்டும் என்றால் வாயில் வரும் முதல் வசவு அது. அடியார் என்று ஆணைச் சொன்னால் கைகூப்புகிறோம். அறுபத்துமூவர்க்குச் சிலை வைக்கிறோம். அதே அடியார் பெண்ணாக இருந்தால் வசவு! சொல் தானாகத் தாழவில்லை. நிலமும் மானியமும் கைமாறின. அவளுடைய உடல் செல்வர்களின் உடைமையாயிற்று. அதன்பின் பழியை அவள் பெயரின்மீது ஏற்றிவிட்டனர். செய்தவனுக்கு வசவு இல்லை. நம் மொழியில் அதற்கென ஒரு சொல்லையும் எவரும் உண்டாக்கவில்லை.

இந்த வரலாற்றை மாற்ற எழுந்தவரும் இதே புதுக்கோட்டையினர். 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, தேவதாசி மரபில் வந்த தாய்க்கு மகள். மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே தனி இசைவு பெற்றுப் படித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி 1912இல் மருத்துவரானார். சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணியும் அவரே. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முயன்றபோது எதிர்த்து நின்றவர்களுள் முன்னணியில் இருந்தவர் திருமயத்துச் சத்தியமூர்த்தி. ஒரே சீமை, ஓர் ஆண்டு இடைவெளியில் பிறப்பு, எதிரெதிர் அணி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாம் கண்ட கொடுமையைப் புதினமாகவே எழுதி 1936இல் வெளியிட்டார். பொட்டுக்கட்டுவதை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. வழக்கம் போயிற்று. வசவு மட்டும் இருக்கிறது. எந்தச் சட்டமன்றத்தில் அதற்கு மசோதா கொண்டுவருவது?

இப்போது அந்த மூன்றாவது சொல்லுக்குத் திரும்புவோம்.

பறை என்றால் முழக்கும் கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாள நாட்டில் இன்றும் வீடுதோறும் வழங்கும் வினை அது. குமரி மாவட்டத்திலும் கேட்கலாம். சொல்லுவதும் முழக்குவதும் ஒரே வேர். ஊருக்குச் செய்தி அறிவிப்பவன் பறையன். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு அவனையும் வைத்து, இந்த நான்கு குடிகளையே குடி என்று எண்ணுகிறது. அதில் தாழ்வின் நிழல்கூட இல்லை. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வந்தால் பறைச்சேரி ஊருக்கு வெளியே தனித்து நிற்கிறது. பக்கத்தில் தீண்டாச்சேரி என்றும் ஒன்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் என்ன நடந்தது? வடக்கிருந்து வந்த சாத்திரம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நாமே அப்படி எழுதியும் இருக்கிறோம். ஆனால் அந்தச் சாத்திரத்துக்குப் பிரமதேயம் என்று நிலம் எழுதிக்கொடுத்த கை தமிழ் மன்னர்களின் கை. பெரிய கோயிலைக் காட்டிப் பெருமை பேசும்போது அந்தக் கல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கரையில் இறங்கியபோது சொல்லின் நிலை அது. அவர்கள் கேட்டதைக் கேட்டபடி எடுத்துப் போயினர். தரங்கம்பாடிக்கு வந்த டேனியப் பாதிரிமாரும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக்கு ஓரிடம் என்று பிரித்தே மக்களை உட்காரவைத்தனர். எல்லாரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்னும் போதனை மேடையோடு நின்றது. பிரெஞ்சுக் கதையில் அச்சொல் நுழைந்தது, செருமானியக் கவிதையில் நுழைந்தது. 1889 மார்ச்சுத் திங்களில், அந்த அகராதி பிறந்த கோபன்ஹேகன் நகரத்து மேடையிலேயே, ‘பாரியா’ என்ற பெயரில் சுவீடன் நாட்டு சிட்ரின்பெர்கின் நாடகம் நடந்தது. அதில் தமிழ்நாடும் இல்லை, பறையும் இல்லை. குற்றம் செய்து தலைகுனிந்த ஒருவன் இருக்கிறான். உழைத்து வாழ்ந்த ஒரு குடியின் பெயர், உலகத்தின் மறுகோடியில், குற்றவாளிக்குப் பட்டமாகிவிட்டது!

நான்கே ஆண்டுகள் கழித்து, 1893இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் பறையன். இழிவு என்று எதைச் சொன்னார்களோ அதையே முகப்பில் அச்சிட்டு, என் பெயர் இது, இதில் என்ன குறை என்று நிமிர்ந்து கேட்டார். எம்.சி. ராஜா வேறு வழி கண்டார். அவர் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஒருவர் பழைய சொல்லை நிமிர்த்தினார். மற்றவர் புதிய சொல்லைக் கொணர்ந்தார். எது சிறந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. சொல்லால் அடிபட்டவர்கள் தேர்ந்துகொள்ள வேண்டியது அது.

பெயர் மாறிய பிறகு நிலை மாறியதா? 2022ஆம் ஆண்டு டிசம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. பார்வையிட வந்த மாவட்ட ஆட்சியரிடம் அம்மக்கள் மேலும் இரண்டைச் சொன்னார்கள்: தேநீர்க்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை, ஐயனார் கோயிலுக்குள் தங்களுக்குத் தடை. ஆட்சியரே அவர்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். கோபன்ஹேகனில் உவமையாக வழங்கும் சொல்லுக்கு இங்கே நேர்ப்பொருள் இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், டேனியரிடம் சொல்லி அந்தச் சொல்லை அகராதியிலிருந்து நீக்கச் செய்யக்கூடாதா என்றார். கூடாது என்றோம். அகராதியிலிருந்து நீக்கினால் நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடுமா? நாம் கேட்க வேண்டியது வேறு. அதுவும் டேனியரிடம் அல்ல. தேவரடியார் என்ற பதிவின் கீழே குடுமியான்மலைக் கல்லையும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையும் குறித்து, வசவாக வழங்கத் தொடங்கிய காலத்தையும் தேடிக் காட்டும் தமிழகராதி வேண்டும். பறையன் என்ற பதிவில் புறநானூறும், தஞ்சைக் கல்லும், 1893ஆம் ஆண்டு இதழும் ஆண்டுவரிசையில் நிற்க வேண்டும். சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரே பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பாரைக் காணோம்.

நண்பர் 1929ஆம் ஆண்டுத் தொகுப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் ஊர் நார்த்தாமலைப் பக்கம். நாரதர் தவம் செய்ததால் அப்பெயர் வந்தது என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்று ஆய்வாளர் கொள்வதையும், அங்கே வணிகக் குழுவினர் செல்வாக்கோடு இருந்ததையும் சொன்னோம். அப்படியானால் அந்த வணிகர் என்ன விற்றனர், யாருக்கு விற்றனர் என்று கேட்டுக்கொண்டே ஏடுகளைத் தள்ளத் தொடங்கினார். விளக்கு வைக்கும் நேரம் வரையில் நிமிரவில்லை.